சாம்பாரில் எத்தனை கிராம் பருப்பு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சோற்றைப் பற்றியவை. குறைக்கலாமா, விட்டுவிடலாமா, சப்பாத்திக்கு மாறலாமா என்று. புரதம் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். என்னைக் கேட்டால், நம் வீடுகளில் முதலில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது விஷயம். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு வயது 42, எடை 55 கிலோ, சைவம். தினமும் சாம்பார், மோர் உண்டு. ஆனாலும் நாலு மணி ஆனால் பசி தாங்காமல் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிடுகிறேன். எனக்குப் புரதம் போதவில்லை என்கிறாள் தங்கை. தினமும் பருப்பு சாப்பிடுகிறேனே?

தங்கை சொல்வது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நாளைக்கு சாம்பாருக்குப் பருப்பு கழுவும் முன் ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 100 கிராம் போட்டாலே தாராளம் என்று நினைப்போம். அந்த 100 கிராம் துவரம்பருப்பில் இருக்கும் புரதம் சுமார் 22 கிராம். அதே சாம்பார் மதியம் சோற்றுக்கும் ராத்திரி தோசைக்கும் வருகிறது என்றால் எட்டுப் பங்கு. ஒருவருக்கு ஒரு வேளைக்கு மூன்று கிராம்கூடத் தேறாது. ரசத்தில் அதுவும் இல்லை. மோரில் பாதிக்கு மேல் தண்ணீர்.

உங்கள் நாளை முழுசாகக் கூட்டிப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி, சட்னி: ஏழெட்டு கிராம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், மோர் எல்லாம் சேர்த்து 14, 15. இரண்டு வேளை பால் விட்ட காபிக்கு ஐந்து. ராத்திரி இரண்டு தோசைக்கு ஏழு. மொத்தம் 35 கிராம் அளவில் நிற்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 55 கிலோவுக்கு 46 கிராம் வரும். ஒவ்வொரு நாளும் பத்து கிராம் துண்டு விழுகிறது. உங்கள் நாலு மணிப் பசிக்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். புரதம் வயிற்றில் நின்று பசி தாங்கும். மாவுச்சத்து மட்டுமே நிறைந்த சாப்பாடு அவ்வளவு நேரம் தாங்காது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். எல்லாம் வேகாத எடை. உங்கள் பங்குக்கு இப்போது வருவது இட்லி மாவு உளுந்தைச் சேர்த்தாலும் அதில் பாதியைத் தாண்டாது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சாம்பார் பருப்பை இரண்டு மடங்கு ஆக்குங்கள், கொஞ்சம் கெட்டியாகவே இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் பொரியலுக்குப் பதில் பாசிப்பருப்பு போட்ட கூட்டு. மோரை ஒரு கிண்ணம் தயிராக மாற்றுங்கள். நாலு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ. சோற்றில் ஒரு கரண்டி குறைந்தால் போதும், அது தானாகவே குறையும்.

சுண்டலை மாவுச்சத்தில் சேர்ப்பதா, புரதத்தில் சேர்ப்பதா?

இரண்டிலும். ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் புரதம் சுமார் 14 கிராம், மாவுச்சத்து 45 கிராம். நார்ச்சத்தும் கூடவே இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். ஆனால் தட்டு நிறையச் சோறும் ஒரு கப் சுண்டலும் என்றால் கணக்கு இடிக்கும். சுண்டல் இருக்கிற வேளையில் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதமாக ராத்திரி சோற்றை விட்டு நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா சாப்பிடுகிறேன். எடை இறங்கவே இல்லை. ஏன்?

கோதுமை மாவும் அரிசியும் மாவுச்சத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நாலு சப்பாத்திக்கு 120 கிராம் மாவு போகும். சுடும்போது எண்ணெய். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, அதுவும் மாவுச்சத்து. நீங்கள் சோற்றை விட்டீர்கள், அதன் அளவை விடவில்லை. இரண்டு சப்பாத்தி, குருமாவில் உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் பச்சைப் பட்டாணி, சோயா உருண்டை அல்லது முட்டை, கூட வெள்ளரி, கேரட். சோறு பிடிக்கும் என்றால் ஒரு கப் சோறும் அதே குருமாவும் சாப்பிட்டாலும் ஒன்றும் குற்றமில்லை.

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய். அரிசியை அடியோடு நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ். ஆனாலும் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை 240. என்ன தவறு?

அம்மா பாவம், நல்லது என்று நம்பித்தான் செய்கிறார். கேழ்வரகில் கால்சியம் அபாரமாக இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் 100 கிராமில் 70 கிராம் பக்கம் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. போதாததற்கு நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சும்போது செரிமானம் வேகமாகிறது. சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது தவறு.

களி ஒரு சின்ன உருண்டையாக இருக்கட்டும். அதற்குத் தொட்டுக்க வெறும் கருவாட்டுக் குழம்பின் சாறு போதாது, கீரை கடைந்த பருப்போ மீன் துண்டோ தட்டில் இருக்க வேண்டும். கூழாகக் குடிப்பதைவிட முழுத் தானியமாகச் சோறு மாதிரி வடித்துச் சாப்பிடுவது மேல்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். முதலில் பொரியல், கூட்டு, முட்டை அல்லது மீன். அதெல்லாம் முடிந்த பிறகு சோறோ களியோ. 2015-இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 11 சர்க்கரை நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே சாப்பாடு, வரிசை மட்டும் மாற்றம். மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்ட நாளில் சர்க்கரை தெளிவாகக் குறைவாக ஏறியது. சின்ன ஆய்வுதான். ஆனால் செலவே இல்லாத பழக்கம், வீட்டிலேயே குளுக்கோமீட்டர் வைத்து இரண்டு நாள் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அம்மா இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், மாவுச்சத்தைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

வயது 21, எடை 65 கிலோ, விடுதியில் இருக்கிறேன். ஜிம்முக்குப் போகிறேன். தினமும் ஆறு முட்டை வெள்ளை, சோறு கிடையாது. பயிற்சியாளர் புரத மாவு டப்பா வாங்கச் சொல்கிறார். வாங்கவா?

தம்பி, முதலில் அந்த மஞ்சள் கருவைக் குப்பையில் போடுவதை நிறுத்துங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் என்றால் அதில் இரண்டரை கிராமுக்கு மேல் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, பி12 எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். வேறு நோய் இல்லாத உங்கள் வயதில் இரண்டு மூன்று முழு முட்டை தாராளமாகச் சாப்பிடலாம்.

எடை தூக்குகிறவருக்கு ஒரு கிலோவுக்கு 1.4 முதல் 1.6 கிராம் போதும், உங்களுக்கு 90 முதல் 105 கிராம். மூன்று முட்டைக்கு 18. கால் கிலோ கோழிக்கறி, எலும்பு நீக்கி, தோல் இல்லாமல்: 50-க்கு மேல். அரை லிட்டர் பாலுக்கு 16. மீதி மெஸ் சாப்பாட்டிலேயே வந்துவிடும். கறி கிடைக்காத நாளில் 50 கிராம் சோயா உருண்டை ஊறவைத்துப் பிழிந்து வதக்கினால் 26 கிராம். டப்பாவில் ஒரு கரண்டிக்குக் கிடைப்பது இவ்வளவுதான். கையில் காசு இருந்து, நேரம் இல்லாவிட்டால் வாங்குங்கள். கடன் வாங்கி வாங்காதீர்கள்.

அப்புறம், சோறு. தசை வேலை செய்ய எரிபொருள் மாவுச்சத்துதான். அதை நிறுத்திவிட்டு எடை தூக்கினால் சீக்கிரம் சோர்ந்துபோவீர்கள், சாப்பிட்ட புரதத்தில் ஒரு பங்கும் எரிபொருளாகவே போகும்.

மீன் நல்லது என்கிறீர்கள். வறுவலாகச் சாப்பிட்டாலும் கணக்கில் வருமா?

புரதம் வரும், கூடவே எண்ணெயும் வரும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் விட்டு இரண்டு பக்கமும் திருப்பினால் போதும். குழம்பு மீன் இன்னும் நல்லது. வஞ்சிரம் விலைக்கு மலைக்க வேண்டாம், மத்தியும் நெத்திலியும் புரதத்தில் அதற்குக் குறைந்தவை இல்லை. மத்தியில் உள்ள கொழுப்பு இதயத்துக்கு நல்ல வகை, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

அப்பாவுக்கு 68 வயது, 62 கிலோ. காலை இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, ராத்திரி அரிசிக் கஞ்சி. வயதானால் இவ்வளவுதான் என்கிறார். நாற்காலியிலிருந்து எழும்போது கை ஊன்றித்தான் எழுகிறார்.

உங்கள் கடைசி வரி என்னைக் கவலைப்பட வைக்கிறது. கை ஊன்றாமல் எழ முடியாதது தொடைத் தசை மெலிந்ததன் அடையாளமாக இருக்கலாம். வயது ஏற ஏறப் பசி குறைகிறது, புரதத் தேவை ஏறுகிறது. இளைஞருக்கு 0.83 கிராம் என்றால் இவருக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், அதாவது 62 முதல் 75 கிராம். இப்போதைய சாப்பாட்டில் அதில் பாதி வருவதே சந்தேகம்.

பல் பிரச்சினையும் இருக்கும் என்று நினைக்கிறேன், மென்மையான சாப்பாடு அதனால்தான். மென்மையாகவே கொடுங்கள், உள்ளே இருப்பதை மாற்றுங்கள். கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் சரிபாதி, இறக்கியபின் ஒரு டம்ளர் பால். இட்லியோடு ஒரு அவித்த முட்டை, மிளகு தூவி. ரசம் சோற்றுக்கு முன்னால் பருப்பு, நெய் விட்டுப் பிசைந்து இரண்டு கவளம். முள் நீக்கிய மீன். ராத்திரி மட்டும் மொத்தமாகக் கொடுப்பதைவிட மூன்று வேளையும் பிரித்துக் கொடுப்பது நல்லது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை: கிரியாட்டினின். சிறுநீரகத்தில் குறை இருந்தால் புரத அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நான் சொன்ன கணக்கு அப்போது பொருந்தாது. சரியாக இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம். சாப்பாட்டை மட்டும் மாற்றினால் தசை வராது, அதற்கு வேலையும் வேண்டும். உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, காலை ஐந்து, மாலை ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதல் வாரம் கை ஊன்றட்டும், பரவாயில்லை. மூன்று மாதம் கழித்து எப்படி எழுகிறார் என்று எனக்கு எழுதுங்கள்.