கண்ணை எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்ட சகோதரிக்கு

எட்டு மாதக் குழந்தைக்குக் கண்ணில் புற்றுநோய், கண்ணையே எடுக்கச் சொல்கிறார்கள், வீட்டுப் பெரியவர்களோ நாட்டு மருந்து போதும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், சகோதரி. ரெட்டினோபிளாஸ்டோமா என்கிற இந்தக் கண் புற்றுநோய் கண்ணுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் குணமாகிவிடும். பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போய்விட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். பணக்கார நாடுகளில் 95 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் அது குறைவதற்குப் பெரிய காரணம் தாமதமும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும்தான். இன்னொரு மருத்துவரிடம் கேட்க வேண்டுமா, சரி, மதுரை அரவிந்திலோ சென்னை சங்கர நேத்ராலயாவிலோ இந்த வாரமே காட்டுங்கள். அப்புறம், அடுத்த கண்ணையும் மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: செயற்கைக் கண் பொருத்தலாம், பிள்ளை எல்லோரையும்போலப் பள்ளிக்கூடம் போகும்.