மங்குஸ்தானில் ஆண் மரம் கிடையாது

கேள்வி: பர்லியாறு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். பாக்கு, கிராம்பு, ஜாதிக்காய் நடுவே இரண்டு மங்குஸ்தான் மரங்கள் நிற்கின்றன. விதைக் கன்றுகள்தான், வயது 12. மேட்டில் நிற்பது மூன்று வருடமாகக் காய்க்கிறது. சில்வர் ஓக் அடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நிற்பது இதுவரை பூக்கவே இல்லை. இலை மட்டும் நல்ல செழிப்பு. “அது ஆண் மரம், வெட்டிவிட்டு ஜாதிக்காய் வையுங்கள்” என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். வெட்டலாமா? கோத்தகிரியில் இருக்கும் மைத்துனர் ஒரு கன்று கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். நம் தோட்டங்களில் இருக்கும் மங்குஸ்தான் எல்லாமே பெண் மரம்தான்.

பக்கத்துத் தோட்டக்காரர் எதை நினைத்துச் சொன்னார் என்பது புரிகிறது. ஜாதிக்காயில் ஆண், பெண் தனித்தனி மரம். விதைக் கன்று வைத்தால் ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. அந்த அனுபவத்தில்தான் மங்குஸ்தானையும் அப்படியே எண்ணிவிட்டார். இதன் கதை வேறு. பூவில் மகரந்தக் காம்புகள் பெயருக்கு இருக்கும், தூள் இருக்காது. மகரந்தம் சேராமலே காய் பிடிக்கும். உள்ளே இருக்கும் விதையும் தாயின் திசுவிலிருந்தே உண்டாவதால், முளைக்கும் கன்று தாய் மரத்தின் அச்சு அசலாகவே இருக்கும். ஆக, உங்கள் இரண்டு மரத்துக்கும் இனத்தில் பெரிய வித்தியாசம் இருக்க வழியில்லை. அவை நிற்கும் இடம்தான் வேறு.

மேட்டு மரத்தில் அடுத்த முறை பழம் பறிக்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சின்னப் பூப்போல ஒரு முத்திரை தெரியும். அது பூவின் சூலகமுடி காய்ந்து ஒட்டிக்கொண்டது. அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை வெள்ளைச் சுளை. அதில் பெரிதாக இருக்கும் ஒன்றிரண்டு சுளையில்தான் விதை இருக்கும். விதையைக் காயவைத்தால் முளைப்பு போய்விடும். சுளையைக் கழுவி எடுத்த கையோடு ஊன்ற வேண்டும்.

சரி, தொட்டி ஓரத்து மரத்துக்கு வருவோம். முதலில் ஒன்று: விதைக் கன்று காய்க்க 7, 8 வருடமும் ஆகும், 15 வருடமும் ஆகும். 12 வயதில் பூக்கவில்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே இரண்டு காரணம் தெரிகிறது.

ஒன்று நிழல். கன்றுப் பருவத்தில் மங்குஸ்தானுக்கு நிழல் கட்டாயம் வேண்டும், வெயில் பட்டால் இலை கருகும். காய்க்கும் வயதில் அதே மரத்துக்கு வெளிச்சம் வேண்டும். சில்வர் ஓக்கின் கிளைகளைக் கழித்து விடுங்கள். ஒரேயடியாகத் திறந்துவிடாமல் இரண்டு தவணையாகச் செய்யுங்கள்.

இரண்டாவது, என் கணிப்பில் முக்கியமானது, தண்ணீர். தொட்டி நிரம்பி வழிவது மரத்தடிக்குத்தான் போகிறது என்று நினைக்கிறேன். வேர் வருடம் முழுவதும் நனைந்தே இருந்தால் மரம் கொழுந்து மேல் கொழுந்தாக விட்டுக்கொண்டே போகும், பூக்க நினைக்காது. இரண்டு மூன்று வாரம் தண்ணீர் விடாமல் காய்ச்சல் கொடுத்து, அதன் பிறகு நன்றாக நனைத்தால்தான் மொட்டு கிளம்பும். மேட்டு மரத்துக்கு இந்தக் காய்ச்சல் தை, மாசியில் தானாகக் கிடைத்துவிடுகிறது. தொட்டி வழியும் வாய்க்காலை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். இலை லேசாகத் துவளத் தொடங்கியதும் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் இந்த மரம் வறட்சி தாங்காது. இதன் வேர் சோம்பேறி வேர், சல்லிவேர் குறைவு. அதனால் மரத்தடியில் மண்வெட்டியே போடாதீர்கள். மக்கிய தொழுவுரத்தைப் பரப்பி, மேலே பாக்கு மட்டையும் சருகும் போட்டு மூடாக்கு வையுங்கள். போதும்.

காய் பிடித்த பிறகு இதற்கு நேர்மாறு: ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். காயவிட்டு, பழுக்கும் சமயத்தில் திடீரென்று நிறையத் தண்ணீர் போனால் தோலில் இருக்கும் மஞ்சள் நிறப் பிசின் பால் கசிந்து சுளையில் இறங்கிவிடும், பழம் கசக்கும். மேட்டு மரத்தில் இதைக் கவனியுங்கள்.

பழத்தோலையும் வீசிவிடாதீர்கள். துவர்ப்பு மிகுந்தது, காயவைத்து வயிற்றுப்போக்குக்குக் கஷாயம் வைக்கும் வழக்கம் மலாய் நாடுகளில் பழமையானது. துணிச் சாயத்துக்கும் உதவும். தோல் சாறு சட்டையில் பட்டால் கறை போகாது, பறிக்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மைத்துனருக்குக் கன்று வேண்டாம். மலாய்ப் பகுதியின் வெக்கையும் ஈரமும் கலந்த காட்டு மரம் இது. நம் நீலகிரியில் அந்தச் சூழல் கல்லாறு, பர்லியாறு சரிவில்தான் கிடைக்கிறது. பர்லியாறு அரசுப் பழப்பண்ணை 1871-லும், கல்லாறு பண்ணை 1900-லும் அடிவாரச் சரிவில் அமைந்தது இந்தத் தட்பவெப்பத்துக்குத்தான். கோத்தகிரிக் குளிரில் கன்று வளராமல் நின்றுவிடும். உறைபனி பட்டால் செத்துவிடும். அவருக்குப் பட்டர் ஃப்ரூட்டோ பேரிக்காயோ வாங்கிக் கொடுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மொட்டு கிளை நுனியில்தான் வரும். அதனால் ‘அடர்ந்திருக்கிறதே’ என்று தொட்டி ஓரத்து மரத்தின் நுனிகளைக் கவாத்து செய்துவிடாதீர்கள். வாய்க்காலைத் திருப்பிய அடுத்த கோடையில், பங்குனி, சித்திரை வாக்கில், வெளிச்சம் படும் பக்கத்து நுனிகளைப் பாருங்கள். பூத்தால் மூன்றரை, நான்கு மாதத்தில் பழம்.