வாரண்டி உள்ள பழைய காருக்கு ஸ்கேன் சார்ஜ் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் ஷோரூமில் பழைய கார் வாங்கியிருக்கிறார், ஒரு வருட வாரண்டி இருக்கிறது, எஞ்சின் லைட் எரிகிறது, என்னவென்று பார்க்கவே 1,500 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா என்கிறார். கட்டுங்கள், ஆனால் சாவியைக் கொடுக்கும் முன்னால் ஜாப் கார்டில் (வண்டியை வேலைக்கு எடுக்கும்போது எழுதும் சீட்டு) "கோளாறு வாரண்டிக்குள் வந்தால் ஸ்கேன் சார்ஜ் கிடையாது" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னதெல்லாம் பில் போடும்போது காணாமல் போய்விடும்.

அதற்கு முன்னால் அந்த வாரண்டி யார் கொடுத்தது என்று பாருங்கள். பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. கம்பெனி வாரண்டி மிச்சம் இருந்தால் அது காரோடு வருவது. ஓனர் மாறினாலும் அந்தக் கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டரிலும் கேட்கலாம், பழுது அவர்கள் பக்கம் என்றால் செக்கிங்குக்குத் தனியாகக் காசு கேட்பது பெரும்பாலும் நடக்காது. விற்றவர் தரும் வாரண்டி வேறு. அது ஒரு சின்னப் புத்தகம், முதல் பக்கத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும், கடைசிப் பக்கத்தில் முன்அனுமதி இல்லாமல் எதையும் கழற்றக் கூடாது, கண்டுபிடிக்கும் செலவு வாடிக்கையாளருடையது என்று எறும்பு எழுத்தில் இருக்கும். உங்களுடையது இரண்டாவது ரகம் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் எனக்கு நடந்ததும் அதுதான்.

நான் செங்கோட்டைக்காரன். கார் வாங்கியது கேரளாவில், கொல்லத்தில். எங்கள் பக்கத்தில் இது சகஜம், கல்யாணம், ஆஸ்பத்திரி, மீன் எல்லாவற்றுக்கும் ஆரியங்காவு தாண்டிப் போகிறவர்கள்தான் நாங்கள். ஒரே ஓனர், பெட்ரோல் வண்டி, கடைக்காரரே வாரண்டியும் கொடுத்தார். தென்மலையிலிருந்து ஏறி வரும்போது வண்டி குலுங்க ஆரம்பித்தது, இழுவை இல்லை, எஞ்சின் லைட் எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கண் சிமிட்டியது. (அப்படிச் சிமிட்டினால் ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அதன் விலை தனிக் கதை.)

கொல்லத்துக்குப் போன் போட்டால், "சாரே, அங்கே ஏதாவது கம்பெனி சென்டரில் காட்டி ரிப்போர்ட் அனுப்புங்கள், அப்ரூவல் தரலாம்" என்றார்கள். திருநெல்வேலி சென்டரில், "இது எங்க வாரண்டி இல்ல சார், ஸ்கேன் போட 1,800, ஜிஎஸ்டி தனி" என்றார்கள். சரி என்று கட்டினேன். ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் இருந்தது பி0301 என்ற பழுதுக் கோடு (code), அவ்வளவுதான். முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அது குலுக்கலிலேயே ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. "பிளக்கா இருக்கலாம், காயிலா இருக்கலாம், இன்ஜெக்டரா இருக்கலாம் சார், கழட்டிப் பார்க்க லேபர் வேற." (பிளக் பெட்ரோலைப் பற்றவைப்பது, காயில் பிளக்குக்குக் கரண்ட் கொடுப்பது, இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சுவது.)

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது, அதில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் செல்போனிலேயே இந்தக் கோடு வரும், எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டே பார்த்துச் சொல்வார். கோடு படிப்பது வேறு, கோளாறு கண்டுபிடிப்பது வேறு. பணம் வாங்குவது இரண்டாவதுக்கு, செய்து கொடுப்பது முதலாவதை. சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் தம்பிகள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் நேரத்துக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையை முடித்துவிட்டு வாங்குங்கள் என்கிறேன்.

இத்தனைக்கும் அந்த வேலை பெரிய வித்தை இல்லை. முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு பி0302 என்று மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறாமல் 0301லேயே நின்றால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். என்னைப் போன்றவனுக்கு இது உயிர்நாடியான விஷயம், ஏனென்றால் பிளக் தேய்மானச் சாமான், பெரும்பாலும் வாரண்டியில் வராது. காயில் என்றால் வர வாய்ப்பு உண்டு. விடாப்பிடியாக நின்று, என் கண் முன்னால் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். 0302 வந்தது.

ரிப்போர்ட் போனதும் கொல்லத்துக்காரர்கள் காயிலுக்கு அப்ரூவல் கொடுத்தார்கள், ஸ்கேன் சார்ஜுக்குக் கிடையாது என்றார்கள். ரிப்போர்ட் இல்லாமல் அப்ரூவல் இல்லை, ரிப்போர்ட்டுக்கு வாரண்டி இல்லை என்றால் இது என்ன நியாயம்? வேறு மாநிலம், வந்து கேட்கவா போகிறான் என்ற தைரியம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம், பழைய சட்டத்தைப் போல விற்றவர் ஊருக்கு ஓட வேண்டியதில்லை, கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை என்று மெயில் எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டு அந்தப் புகார் எண்ணையும் சேர்த்தேன். 1,800 வந்தது. ஜிஎஸ்டி வரவில்லை. அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

பணம் தரும்போது கூட, "உங்க ரோடு மோசம் சாரே, அதுல ஓடினா எந்த வண்டியும் இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை. ரோட்டுக்கும் காயிலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ரோடு மோசம்தான், யாரால் மோசம்? தென்காசிப் பக்கத்துக் கல்லையும் எம்சாண்டையும் ஏற்றிக்கொண்டு ராவும் பகலும் கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிகளால். புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி மக்கர் செய்தால் பின்னால் இருக்கிறவன் கதி அவ்வளவுதான். கல் அங்கே போகிறது, குழி இங்கே இருக்கிறது, பேச்சு வாங்குவதும் நாங்கள்தான். சரி, அதை விடுங்கள்.

நீங்கள் சென்டருக்குப் போகும்வரை பேட்டரி ஒயரைக் கழற்ற விடாதீர்கள், பல வண்டிகளில் கோடு அழிந்துவிடும். அழிந்தால் "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லி அதற்கும் சார்ஜ் போடுவார்கள். கோடோடு சேர்த்து, பழுது வந்த நேரத்தில் வண்டியின் வேகம், எஞ்சின் சூடு எல்லாம் பதிவாகியிருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள், அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக் கேளுங்கள். காசு கட்டியிருக்கிறீர்கள், தாள் உங்களுடையது.