காட்டன் என்றால் பருத்தி அல்ல

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களைப் பற்றிய வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். இன்க்ரீஸ், காட்டன், லெட்டிஸ், டேசி என்றெல்லாம் ஆட்பெயர்கள் வருகின்றன. இவற்றின் பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழில் பெயர்த்துவிடலாமா?

பதில்: பெயர்க்க வேண்டாம். ஒலிப்படியே எழுதுங்கள், கதைக்குத் தேவையான இடத்தில் மட்டும் பொருளை ஒரு வரியில் சொல்லுங்கள். அந்தப் பொருளுக்காக இன்றைய ஆங்கில அகராதியைப் புரட்டினால் வழி தவறிவிடும்.

லெட்டிஸையே பாருங்கள். சாலட்டில் போடும் கீரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மகிழ்ச்சியைக் குறிக்கும் லத்தீன் 'லேட்டிசியா' பேச்சுவழக்கில் தேய்ந்து வந்த வடிவம் அது. முதலாம் எலிசபெத் அரசியின் உறவினரான லெட்டிஸ் நோலிஸ் (1543–1634) அந்தப் பெயருக்குரியவர்.

டேசியும் லத்தீன்தான்: 'பேசாதிரு' என்னும் ஏவல். அந்தப் பெயரைச் சுமந்த டேசி சோல், 1691 முதல் 1749இல் இறக்கும்வரை லண்டனில் குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் நூல்களை அச்சிட்டு ஊரெங்கும் பேசவைத்தார். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.

நீங்கள் குறிப்பிடும் மற்ற இருவரும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வாழ்ந்த தந்தையும் மகனும். 'பெருக்கம்' என்று பொருள்படும் இன்க்ரீஸ் மேதர் 1639இல் பிறந்தார். 'கூட்டித் தருவார்' என்ற பொருளுடைய யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் ஆங்கிலமாக்கம் இது என்று விளக்குவோர் உண்டு. ஆனால் மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு வேறு காரணம் தருகிறது: அவர் பிறந்த வேளையில் கடவுள் அந்த நாட்டுக்கு அருளிய எல்லாவகைப் பெருக்கத்தின் நினைவாக வைத்தார்களாம். குடும்பமே எழுதிவைத்த காரணம் கிடைக்கும்போது சொல்லாராய்ச்சியை இரண்டாம் இடத்தில் வையுங்கள்.

அந்த மகன்தான் காட்டன் மேதர். பருத்தியை அங்கே தேடாதீர்கள். தாய்வழித் தாத்தா ஜான் காட்டன் புகழ்பெற்ற போதகர். அவருடைய குடும்பப் பெயரே பேரனுக்கு முதற்பெயரானது. பொருள் புரியாத ஆண்பெயர் எதைக் கண்டாலும் முதலில் தாய்வீட்டுக் குடும்பப் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பிடிபடாவிட்டால் பைபிள், பிறகு லத்தீன்.

இங்கிலாந்தில் பிறந்தவரானால் அவர் ஊர்த் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். 1538 முதல் அவற்றை எழுதிவைக்க அரசாணை இருந்தது. சிலவற்றில் பெயர்கள் லத்தீனில் இருக்கும். 'யாக்கோபஸ்' என்று கண்டால் வீட்டில் அவரைப் பெரும்பாலும் ஜேம்ஸ் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். உங்கள் நூலிலும் ஜேம்ஸ் என்றே எழுதுங்கள்.