கேள்வி–பதில்: மீன் கல்லீரல் செல்களும் ஹார்மோன் ஏற்பிகளும்

கேள்வி: வானவில் ட்ரவுட் மீனின் கல்லீரல் செல்களை வளர்த்து, எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கொடுத்தோம். அது தன் ஏற்பியை (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் செல் புரதத்தை) தானே கூட்டும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான மரபணுச் செய்தி) கூடவில்லை, வளர்ப்புத் தட்டில் ஹார்மோன் போடாத கிணறுகளிலும் (குழிகளிலும்) கிட்டத்தட்ட அதே அளவு. ஏன்?

பதில்: ஹார்மோன் போடாத கிணறுகளைத்தான் முதலில் துருவ வேண்டும். அங்கேயே ஈஸ்ட்ரோஜன் ஒளிந்திருந்தால் வித்தியாசம் எப்படித் தெரியும்? முட்டை முதிரும் பெண் மீனின் கல்லீரல் ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கும். ஆண் மீனையோ முதிராத மீனையோ எடுங்கள். ஆணின் கல்லீரலிலும் இந்த ஏற்பி உண்டு. எஸ்ட்ராடயால் பட்டால் அதுவும் விட்டெலோஜெனின் என்ற முட்டைக்கரு முன்னோடிப் புரதத்தைச் செய்யும்.

அடுத்து ஊடகம், அதாவது செல்கள் வளரும் திரவம். பி.எச்.ஸைக் காட்டுவதற்காக அதில் சேர்க்கும் ஃபீனால் சிவப்புச் சாயமே லேசான ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும். ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலோ (இரத்தத்தின் தெளிநீரிலோ) ஹார்மோனே இருக்கும். சாயமில்லாத எல்-15 ஊடகம் வாங்குங்கள். சீரம் தேவையென்றால் கரித்தூளால் ஹார்மோன் நீக்கியது மட்டும். ஒரு சிக்கல்: சாயம் போனால் அமிலமாவது கண்ணுக்குத் தெரியாது. எல்-15 வெறுங்காற்றுக்கென்று அமைந்தது, கார்பன் டை ஆக்சைடு பெட்டியில் வைத்தால் அமிலமாகிவிடும். பி.எச். அளந்து பாருங்கள். வெப்பம் 15–18 டிகிரி போதும், 37 வேண்டாம்.

கரைப்பானிலும் பலர் சறுக்குகிறார்கள். 2.72 மில்லிகிராம் எஸ்ட்ராடயாலை 10 மில்லி எத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதில் 1 மைக்ரோலிட்டரை 1 மில்லி ஊடகத்தில் விட்டால் 1 மைக்ரோமோலார்; எத்தனால் 0.1 சதவீதம். குறைந்த செறிவுகளை எத்தனாலிலேயே நீர்த்து, எல்லாக் கிணறுகளுக்கும் அதே 1 மைக்ரோலிட்டர் விடுங்கள். ஹார்மோன் போடாதவற்றுக்கு வெறும் எத்தனால்.

கொலாஜினேஸ் என்ற நொதியால் திசுவிலிருந்து பிரித்த செல்கள் அடிபட்டிருக்கும். இறந்த செல்களை மட்டும் நிறமேற்றும் டிரைபான் நீலத்தில் பார்த்து, 85 சதவீதத்துக்கும் குறைவாக உயிரோடிருந்தால் அந்தத் தொகுதியைக் கழித்துவிடுங்கள். மற்றவை ஒரு நாள் ஒட்டி அடங்கட்டும், பிறகு ஹார்மோன். கல்லீரல் செல் ஹார்மோனைச் சிதைத்துத் தள்ளும்; 24 மணி நேரத்துக்கொருமுறை பாதி ஊடகத்தை மாற்றி மறுபடி கொடுங்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் மருந்தை ஹார்மோனோடு சேர்த்த கிணறுகளில் உயர்வு அடங்கினால், அது ஏற்பி வழியாக வந்ததென்று நம்பலாம்.

கேள்வி: எஸ்ட்ராடயாலைப் போல எல்லா ஹார்மோனும் தன் ஏற்பியைக் கூட்டுமா?

பதில்: இல்லை. ட்ரவுட் கல்லீரல் செல்லில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் தன் ஏற்பிப் புரதத்தைப் புரோட்டியாசோம் (செல்லில் புரதங்களைச் சிதைக்கும் அமைப்பு) வழியே குறைக்கிறது; எம்.ஆர்.என்.ஏ.யோ கூடுகிறது. எம்.ஆர்.என்.ஏ.யை மட்டும் அளந்தால் தலைகீழான முடிவுக்கு வருவீர்கள். புரதத்தை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் செய்யுங்கள்.