இஸ்மினியை வெட்டலாமா?

வணக்கம். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் 'ஆன்டிகனி'யைத் தமிழில் மேடையேற்றப் போகிறோம். ஆன்டிகனி தனக்கு நிச்சயித்த ஹீமோனை, அரசன் கிரியோனின் மகனை, காதலித்தாளா? அவனைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லையே. அவள் கூடப்பிறந்த இஸ்மினி வெறும் பயந்தாங்கொள்ளி. நேரம் கருதி அவளை எடுத்துவிடலாம் என்றிருக்கிறோம். கிரியோனுக்கு ராணுவ உடை போடலாமா?
ர.

அன்புள்ள ர.,

உடை உங்கள் இஷ்டம். இஸ்மினி மேல் கை வைக்காதீர்கள்.

காதலைப் பற்றிக் கேட்டீர்கள். கிரியோன் ஆன்டிகனியின் அம்மா யொகாஸ்டாவின் உடன்பிறந்தவன், அதாவது அவளுக்குத் தாய்மாமன். ஹீமோன் அவளுக்கு முறைப்பையன். நம்மூர் ரசிகருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். "அன்பான ஹீமோனே, உன் அப்பா உன்னை எப்படி அவமதிக்கிறார்" என்று 572ஆம் வரி வருகிறது. கையெழுத்துப் பிரதிகளில் அது இஸ்மினியின் வரி. 1502இல் வெனிஸில் அச்சான ஆல்டஸ் அச்சகப் பதிப்பு அதைத் தூக்கி ஆன்டிகனிக்குக் கொடுத்தது. காதல் வேண்டும் என்பவர்கள் இன்றும் அதைப் பிடித்துத் தொங்குகிறார்கள். எனக்குப் பிரதிகள் சொல்வதே சரியென்று படுகிறது. அப்படியானால் ஹீமோனுக்காகப் பரிந்து பேசும் அந்த ஒரே பெண்ணைத்தான் நீங்கள் வெட்டப் பார்க்கிறீர்கள்!

ஆன்டிகனியும் இஸ்மினியும் பேசிக்கொள்ளும் முதல் 99 வரியை எந்த மொழிபெயர்ப்பில் படித்தீர்களோ தெரியாது. கிரேக்கத்தில் ஒருமை, பன்மை தவிர இருமை என்றும் உண்டு. கண், கை மாதிரி ஜோடியாக இருப்பவற்றுக்கு. நாடகத்தின் முதல் வரியிலேயே ஆன்டிகனி இஸ்மினியை 'ஒரே வயிற்றில் பிறந்தவளே' என்று கூப்பிடுகிறாள். அந்த வயிறு, தெரியாமல் பெற்ற தாயையே மணந்த அவர்களுடைய அப்பன் இடிபஸையும் சுமந்த வயிறு என்பது பார்வையாளர் எல்லோருக்கும் தெரியும். 'கூடப்பிறந்தவள்' என்று தமிழில் போட்டால் அந்தக் கூச்சம் தானாக வந்துவிடும். 'சகோதரி' என்று போட்டுக் கெடுக்காதீர்கள். அடுத்த வரிகளில் 'நம் இருவருக்கும்' என்று இருமையில் பேசுகிறாள். இஸ்மினியும் 'நாம் இரண்டு பேர்தான் மிச்சம்' என்கிறாள், அதே இருமையில். பிறகு, கிரியோனின் தடையை மீறி, செத்துப்போன கூடப்பிறந்தவன் பாலினைசஸைப் புதைக்க இஸ்மினி வர மறுக்கிறாள். 69ஆம் வரியிலிருந்து ஆன்டிகனி வாயில் அந்த இருமை அற்றுப்போகிறது. இனி 'நான்', 'நீ' மட்டும்தான்.

நமக்கு இருமை இல்லை, ஆனால் 'நாம்' இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல். பிரதியை எடுத்து சிவப்புப் பென்சிலால் குறியுங்கள்: 68 வரை ஆன்டிகனிக்கு 'நாம்', 'நமக்கு', 'நம் கூடப்பிறந்தவன்'; அதன்பின் அவள் பேச்சில் 'நம்' ஒன்றுகூட இருக்கக் கூடாது. (பாலினைசஸை அண்ணன் என்றோ தம்பி என்றோ எழுதாதீர்கள். இந்த நாடகம் அதைச் சொல்லவில்லை.)

பயந்தாங்கொள்ளி என்றீர்களே, புதைத்ததற்காக ஆன்டிகனி பிடிபட்ட பிறகு கிரியோன் எதிரில் வந்து 'நானும் செய்தேன்' என்று நிற்பவள் யார்? ஆன்டிகனி அவளை உதறுகிறாள்: 'நீ வாழ்வைத் தேர்ந்தாய், நான் சாவை.' 941இல் இன்னும் மோசம். அரச குடும்பத்தில் மிஞ்சிய கடைசிப் பெண் தான்தான் என்கிறாள். கூடப்பிறந்தவள் அப்போது உயிரோடு இருக்கிறாள்! 771இலேயே கிரியோன் அவளைத் தண்டிக்காமல் விட்டுவிட்டான். அதன் பிறகு நாடகத்தில் ஒருவரும் அவள் பெயரை எடுப்பதில்லை. ஒருத்தனுடைய பிணத்துக்காகச் சாகத் துணிந்தவள், உயிரோடிருப்பவளை எப்படிக் கணக்கிலிருந்து அடிக்கிறாள் என்பதைக் காட்டாமல் ஆன்டிகனியை மட்டும் மேடையேற்றினால் சிலைதான் நிற்கும்.

558ஆம் வரியை மறக்க வேண்டாம். 'குற்றம் நம் இருவருக்கும் சமம்' என்கிறாள் இஸ்மினி. இவ்வளவு உதறலுக்குப் பிறகும் அவள் இன்னும் இருமையில்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த 'நம்'மை நடிகை அழுத்திச் சொல்ல வேண்டாம்; பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதுபோல் சொல்லட்டும்.