ஹைபிரிட் காரின் பேட்டரிக் கோடுகள் ஏன் ஏறி இறங்குகின்றன?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலில் உள்ள அலுவலகத்துக்குத் தினமும் காரில் சென்று வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன்பு ஸ்ட்ராங் ஹைபிரிட் கார் ஒன்று வாங்கினேன். திரையில் காட்டும் பேட்டரி அளவு ஒருநாளும் முழுமையாக நிரம்பியதில்லை. அழகியமண்டபம், தக்கலை நெரிசலில் இரண்டு கோடுகளுக்கு இறங்குகிறது. பிறகு பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஆறு கோடுகளுக்கு ஏறிவிடுகிறது. கார் நின்றுகொண்டிருக்கும்போதே எஞ்சின் தானாக ஓடத் தொடங்குவதும் உண்டு. சர்வீஸ் சென்டரில் 'இது இயல்புதான்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பழுதான பேட்டரியை என் தலையில் கட்டிவிட்டார்களோ? – வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான், காரணத்தைச் சொல்லாமல் அனுப்பியதுதான் சரியல்ல. இந்தக் கோடுகளைக் கைப்பேசியின் சார்ஜைப் போல நாம் படிப்பதால் வரும் குழப்பம் இது. பெட்ரோல் எஞ்சினோடு, சிறிது தூரம் தனியாகவே காரை ஓட்டக்கூடிய மின்மோட்டாரும் அதற்கொரு பேட்டரியும் உள்ள காரைத்தான் ஸ்ட்ராங் ஹைபிரிட் என்கிறார்கள்.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகைகளில் உள்ள பேட்டரியின் கொள்ளளவு 0.76 கிலோவாட் மணி மட்டுமே. வீட்டு மின்மீட்டர் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட். முதலில் வந்த டாடா நெக்ஸான் மின்காரின் பேட்டரி ஏறத்தாழ 30 யூனிட் கொள்ளும் என்பதோடு ஒப்பிட்டால் இது நாற்பதில் ஒரு பங்கு. அந்த முக்கால் யூனிட்டையும் கார் முழுவதுமாகத் தொடுவதில்லை. அடிவரை வற்றவிட்டாலும் விளிம்புவரை நிரப்பினாலும் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால், ஹைபிரிட் கார்களின் கட்டுப்பாட்டுக் கணினி அதன் அளவைப் பெரும்பாலும் 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஆகவே நடைமுறையில் புழங்குவது கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தக்கலையில் பேருந்துகளுக்குப் பின்னால் எஞ்சின் அணைந்து நிற்கும்போது ஏசி மட்டும் ஒரு கிலோவாட் இழுத்தால்கூட அது இருபது நிமிடம் தாங்காது. கீழ் எல்லை நெருங்கியதும், கார் நின்றிருந்தாலும், எஞ்சின் ஓடத்தான் செய்யும்.

சார்ஜ் ஏறுவது இரண்டு வழிகளில். பிரேக்கை மிதிக்கும்போது சக்கரங்கள் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தருகிறது. இதைப் பெரிதாக விளம்பரப்படுத்துகிறார்கள். ஆனால் ஒன்றரை டன் எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது அதன் ஓட்டத்தில் உள்ள ஆற்றல் மொத்தமே 0.06 யூனிட்தான், அதிலும் ஒரு பகுதியே திரும்பக் கிடைக்கும். குறுக்கே பாயும் ஆட்டோவுக்காகச் சடாரென்று மிதித்தால் பெரும்பங்கு பிரேக் பேடின் சூடாகவே போய்விடும். தொலைவிலேயே காலை எடுத்து மெதுவாக அழுத்தி நிறுத்துபவருக்கு அதிகம் கிடைக்கும். இன்னொரு வழி எஞ்சின். தவழும் வேகத்தில் பெட்ரோல் எஞ்சின் சிக்கனமாக ஓடாது. அதனால் ஓடும் வேளையில் அதைத் தகுந்த சுமையில் ஓட்டி, சக்கரத்துக்குத் தேவைப்பட்டதுபோக மிஞ்சும் உழைப்பைப் பேட்டரியில் சேர்த்து, அடுத்த நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டு அந்தச் சேமிப்பில் காரை நகர்த்துகிறார்கள். வில்லுக்குறி தாண்டிச் சாலை சற்று விட்டுக்கொடுக்கும் இடங்களில் உங்கள் கோடுகள் ஏறுவது இப்படித்தான்.

செருகிச் சார்ஜ் செய்யும் வசதி இந்தக் கார்களில் இல்லை; எனவே பேட்டரியில் சேரும் மின்சாரம் அனைத்தும் நீங்கள் பங்க்கில் போட்ட பெட்ரோலிலிருந்து வந்ததுதான். கோடுகளை உயரத்தில் வைத்திருக்க முயல்வதால் ஒரு பயனும் இல்லை. டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். அந்தக் கணக்கு ஒன்றே போதும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: ஓரிரு நிமிடங்களுக்குள் கோடுகள் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பச் சரிவது, பின்புறம் உள்ள பேட்டரி விசிறி எப்போதும் இரைவது, எச்சரிக்கை விளக்கு எரிவது. அப்படி நேர்ந்தால் வாய்வார்த்தையோடு திரும்பாமல், ஹைபிரிட் பேட்டரி சோதனையின் முடிவை எழுத்தில் வாங்குங்கள். இந்த இரண்டு நிறுவனங்களும் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. தகராறு என்று வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். எங்கு போனாலும் முதலில் கேட்பது அந்த எழுத்தைத்தான்.

கேள்வி: பொன்முடிக்குக் குடும்பத்துடன் போய் இறங்கும்போது பேட்டரி நிரம்பிவிட்டது. அதன்பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே எஞ்சின் இரைந்தது. பெட்ரோல் வீணாகிறதா? – வாசகர், குலசேகரம்

பதில்: இல்லை. குளம் நிறைந்தபின் வரும் தண்ணீரை மறுகாலில் விடுவதைப் போன்றதுதான் இது. ஆட்களுடன் ஒன்றரை டன் கனக்கும் கார் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் நான்கு யூனிட்டுக்கு மேல். உங்கள் பேட்டரியில் காலியாக இருந்த இடமோ கால் யூனிட். முதல் நூறு நூற்றைம்பது மீட்டர் உயரம் இறங்குவதற்குள் அது நிரம்பிவிடும். மீதமுள்ள ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும் என்பதால், பெட்ரோலைச் செலுத்தாமலேயே எஞ்சினைச் சுழலவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். கியர் லீவரில் 'B' என்ற ஆங்கில எழுத்துடன் பிரேக் நிலை இருந்தால் (நிறுத்தும் நிலையான 'P' என்று குழம்ப வேண்டாம்) நீண்ட இறக்கத்தில் அதைப் பயன்படுத்துங்கள். பிரேக் பேடுகள் சூடேறாது. சமவெளியில் அது வேண்டாம்.

கேள்வி: என் மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் வந்தபோது வாங்கிய ஹைபிரிட் கார் இரண்டு மாதமாக ஷெட்டிலேயே நிற்கிறது. இப்போது கதவுகூடச் சாவியின் பொத்தானுக்குத் திறக்கவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டதா? – வாசகர், குளச்சல்

பதில்: போயிருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் சிறிய பேட்டரிதான் அம்மா. பூட்டு, திருட்டு எச்சரிக்கை, கணினிகள் எல்லாம் அதிலிருந்தே சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டிருக்கும். அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுகளுக்கே மின்சாரம் கிடைக்காது, கார் உயிர்பெறாது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் சாதாரணச் சாவியால் கதவைத் திறந்து, மெக்கானிக்கை வரவழைத்துச் சிறிய பேட்டரிக்கு உயிர்கொடுங்கள். இனி வாரம் ஒருமுறை 'ரெடி' விளக்கு எரியும்படி காரை இயக்கி அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்ட ஆளில்லையென்றால் பார்க்கிங் நிலையில் நிறுத்தியே இயக்கலாம். நியூட்ரலில் வைக்கக் கூடாது, ஏனெனில் நியூட்ரலில் எஞ்சின் ஓடினாலும் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது. ரயில்வே கேட்டில் நியூட்ரல் போட்டுக் காத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: கூடுதல் விலை கொடுத்து ஸ்ட்ராங் ஹைபிரிட் வாங்குவது லாபமா? 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று குறைந்த விலையிலும் சொல்கிறார்களே. – வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் ஒன்றல்ல. ஸ்மார்ட் ஹைபிரிட்டில் உள்ள சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, மின்சாரத்தில் மட்டும் காரை ஓட்டாது.

லாபம் உங்கள் சாலையைப் பொறுத்தது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவர், சாதாரணக் காரில் லிட்டருக்கு 16, ஹைபிரிட்டில் 22 என்று பெற்றால் மிச்சமாவது சுமார் 205 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். விலை வித்தியாசம் இரண்டரை லட்சம் என்றால் அதைத் திரும்ப எடுக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். தினமும் களியக்காவிளை வரை நெரிசலில் போய்வந்து ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆறே ஆண்டுகள். நான்குவழிச் சாலையில் மதுரைக்குப் போய்வருவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் பேட்டரிக்கு அங்கு வேலை குறைவு. ஆடி மாதத்தில் வள்ளியூர்ப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயின் எதிர்க்காற்றில் திரும்பும்போது எந்த ஹைபிரிட்டும் பெட்ரோல் காராகத்தான் ஓடும். ஆகவே சோதனை ஓட்டத்தைப் புறவழிச்சாலையில் முடித்துக்கொள்ளாமல், காலை ஒன்பது மணிக்கு வெட்டூர்ணிமடத்திலிருந்து வடசேரி வரை போய்வரக் கேளுங்கள்.